பெர்லின் வீட்டுச் சுவரில் பூசணம்: தப்பு யாருடையது?

2016 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகளின் பொம்மை ஒன்று படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் விழுந்துவிட்டது. நானும் மனைவியும் சேர்ந்து அலமாரியை நகர்த்தினோம். பொம்மை கிடைத்தது. கூடவே சுவர் மூலையில், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரைக்கும், கறுப்பாகப் பூசணம். கை வைத்தால் சுவர் ஜில்லென்று ஈரமாக இருந்தது.

"என்னங்க, பாப்பா ரெண்டு மாசமா ராத்திரியில இருமுறாளே, இதனாலதானோ?" என்றாள் மனைவி. எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒரு புராஜெக்டுக்காக 2015-இல் பெர்லின் போயிருந்தோம். பிரென்ஸ்லவர் பெர்க் பகுதியில் நூறு வருஷத்துக்கு மேலான ஒரு கட்டடத்தில் வாடகைக்கு இருந்தோம். பழைய கட்டடம்தான், ஆனால் 1990-களில் முழுசாகப் புதுப்பித்தது. ரப்பர் பட்டை வைத்த இரட்டைக் கண்ணாடி ஜன்னல், சென்ட்ரல் ஹீட்டிங், பளபள தரை. பார்த்தவுடன் பிடித்துப்போய் எடுத்த வீடு.

வீட்டை நிர்வகிப்பவர்களுக்கு போட்டோவோடு மெயில் அனுப்பினேன். ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. கூகுள் உதவியோடு படித்ததன் சாரம்: கட்டடத்தில் குறை எதுவும் இல்லை, நீங்கள் சரியாகக் காற்றோட்டம் விடுவதில்லை, தினமும் சில முறை ஜன்னலை முழுசாகத் திறக்க வேண்டும், நிறைய நேரம் சமைப்பதையும் வீட்டுக்குள் துணி காயப்போடுவதையும் தவிர்க்கவும். சமையல் பற்றிய வரி என் மனைவிக்குக் கோபத்தைக் கிளப்பிவிட்டது. "நாம சாம்பார் வச்சதால சுவர் கறுத்துப்போச்சாம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் சாஃப்ட்வேர் ஆள். ஒரு பக் வந்தால் முதலில் கேட்பது "கடைசியாக என்ன மாற்றினார்கள்?" என்பதுதான். அந்தக் கட்டடம் நூறு வருஷம் நின்றிருக்கிறது. முன்னாடி பூசணம் இருந்ததா? இல்லையென்றால் எப்போது, எந்த மாற்றத்துக்குப் பிறகு வந்தது? இந்தக் கேள்வி என்னை 1858 வரை இழுத்துக்கொண்டு போனது. அப்போது எடுத்த குறிப்புகளை இப்போதுதான் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

1000 என்ற எண்

முதல் வேலையாக ஒரு ஈரப்பத மானியும் ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டரும் வாங்கினேன். மீட்டரில் 1000 பிபிஎம் வரை பச்சை விளக்கு. தாண்டினால் மஞ்சள், அப்புறம் சிவப்பு. எங்கள் படுக்கையறையில் ராத்திரி கதவு ஜன்னல் சாத்திப் படுத்து, காலையில் எழுந்து பார்த்தால் 3100. நல்ல சிவப்பு.

இந்த 1000 எங்கிருந்து வந்தது? ம்யூனிக் நகரத்து வேதியியலாளர் மாக்ஸ் பெட்டன்கோஃபரிடமிருந்து. 1818-இல் பிறந்தவர். குடியிருப்புக் கட்டடங்களில் காற்று எவ்வளவு மாறுகிறது என்பது பற்றி 1858-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அறைக் காற்றைப் பாட்டிலில் பிடித்து, பேரியம் ஹைட்ராக்சைடு கரைசலோடு வினைபுரிய வைத்து, அதில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது என்று அளந்தார். மனிதர்கள் நீண்ட நேரம் இருக்கும் அறையில் அது ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது அவர் முடிவு. ஆயிரத்தில் ஒன்று என்றால் பத்து லட்சத்தில் ஆயிரம். அதாவது 1000 பிபிஎம். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய அந்த எண்தான் என் மேஜை மேல் பச்சை விளக்காக எரிந்துகொண்டிருந்தது.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. இந்த அளவில் கார்பன் டை ஆக்சைடு விஷம் என்று அவர் சொல்லவில்லை. மனித உடம்பிலிருந்து நாற்றம், ஈரம், இன்னும் பெயர் தெரியாத என்னென்னவோ வெளியேறுகின்றன. அதையெல்லாம் தனித்தனியாக அளக்க முடியாது. கார்பன் டை ஆக்சைடை அளக்க முடியும். அது ஏறினால் மற்றதும் ஏறியிருக்கும். நம் பாஷையில் சொன்னால் அது ஒரு ப்ராக்ஸி.

கணக்கும் எளிதுதான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளிவிடுகிறார். பெட்டன்கோஃபர் காலத்தில் வெளிக்காற்றில் அது சுமார் 290 பிபிஎம். அறையை 1000-க்குள் வைக்க ஒருவருக்கு மணிக்கு 25 கன மீட்டர் வெளிக்காற்று வேண்டும். இன்று வெளிக்காற்றே 420-ஐத் தாண்டிவிட்டது. அதே 1000-ஐப் பிடிக்க இப்போது 31 கன மீட்டர் வேண்டும். எல்லையை யாரும் மாற்றவில்லை, ஆனால் அதற்கு நாம் கொடுக்க வேண்டிய காற்று கால்பங்கு கூடிவிட்டது.

சுவர் மூச்சு விடுகிறதா?

பெட்டன்கோஃபர் இன்னொன்றும் செய்தார். தன் அறையின் கதவு ஜன்னல் இடுக்குகளை எல்லாம் ஒட்டி அடைத்துவிட்டு, காற்று எவ்வளவு மாறுகிறது என்று அளந்தார். குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அப்படியானால் மீதிக் காற்று சுவர் வழியாகத்தான் போக வேண்டும் என்று முடிவு கட்டினார். அதற்கு ஒரு செய்முறை விளக்கமும் வைத்திருந்தார். காரைக் கட்டியின் பக்கவாட்டை மெழுகால் மூடி, இரண்டு முனையிலும் குழாய் பொருத்தி, ஒரு பக்கம் ஊதினால் மறுபக்கம் மெழுகுவர்த்திச் சுடர் ஆடும். பார்த்தவர்கள் மறக்கவே முடியாத காட்சி. "சுவர் மூச்சு விடுகிறது" என்ற எண்ணம் ஜெர்மனி முழுக்கப் பரவியது.

அதில் ஒரு ஓட்டை இருந்தது. வாயால் ஊதும் அழுத்தம் வேறு, வீட்டுக்கு உள்ளும் வெளியும் இருக்கும் அழுத்த வித்தியாசம் வேறு. அது ஊதுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. 1928-இல் எர்வின் ராய்ஷ் என்ற பொறியாளர் கட்டுமானப் பொருட்கள் வழியே காற்று எவ்வளவு போகிறது என்று முறையாக அளந்து வெளியிட்டார். பூச்சு பூசிய செங்கல் சுவர் வழியே போகும் காற்று பொருட்படுத்தவே முடியாத அளவு. பெட்டன்கோஃபர் அறையில் காற்று போனது அவர் கண்ணில் படாத வேறு இடுக்குகள் வழியாகத்தான்.

ஆனாலும் அந்த நம்பிக்கை சாகவில்லை. நான் பெர்லினில் இருந்தபோது கூட, சுவருக்கு வெளியே காப்பு அட்டை ஒட்டினால் "சுவர் மூச்சுத் திணறும், அதனால்தான் பூசணம் வருகிறது" என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மை நேர் எதிர். வெளியே காப்பு ஒட்டினால் சுவரின் உட்பக்கம் சூடாகும், பூசணம் வரும் வாய்ப்பு குறையும். அடைபடுவது சுவர் இல்லை, ஜன்னல் இடுக்கு.

பெட்டன்கோஃபரைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. 1892-இல் காலராக் கிருமி மட்டும் நோயை உண்டாக்காது என்று நிரூபிக்க, கிருமி கலந்த திரவத்தைக் குடித்தே காட்டினார் மனுஷன். வயசு 73. லேசான வயிற்றுப்போக்கோடு தப்பித்தார். அங்கேயும் அவர் முடிவு தப்பு. ஆனால் அறையில் குப்பைக் குவியலை வைத்துக்கொண்டு காற்றோட்டத்தால் நாற்றத்தை விரட்டப் பார்க்காதே, முதலில் குவியலை அகற்று என்ற அவர் கருத்தும், அந்த 1000-உம் இன்று வரை நிற்கின்றன.

ஈரத்தைக் காய வைக்கக் குடியேறியவர்கள்

எங்கள் கட்டடம் கட்டப்பட்ட காலத்துக்கு வருவோம். பெர்லின் மக்கள்தொகை 1871-இல் சுமார் 8 லட்சம், 1900-இல் சுமார் 19 லட்சம். இவ்வளவு பேருக்கும் இடம் வேண்டும். தெருப் பக்கம் ஒரு கட்டடம், அதன் பின்னால் முற்றம், அதற்குப் பின்னால் இன்னொரு கட்டடம், மறுபடி முற்றம் என்று வாடகைக் குடியிருப்புகள் எழும்பின. முற்றம் என்றதும் நம் ஊர் முற்றத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். 1853-ஆம் வருஷத்துக் கட்டட விதிப்படி அது 5.34 மீட்டருக்கு 5.34 மீட்டர் இருந்தால் போதும். தீயணைப்பு வண்டி திரும்ப அவ்வளவு இடம் வேண்டும் என்பதே காரணம். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வைத்த அளவு இல்லை. வெட்டிங் பகுதியில் 1870-களில் எழுந்த மையர்ஸ் ஹோஃப் என்ற குடியிருப்பில் இப்படி ஆறு முற்றங்கள் ஒன்றன் பின் ஒன்றாக இருந்தன. 1972-இல்தான் அதை இடித்தார்கள்.

இந்தக் காலத்தைப் பற்றிப் படித்ததில் என்னை உறைய வைத்தது ஒரு சொல்: ட்ரோக்கன்வோனர். "குடியிருந்து காய வைப்பவர்" என்று சொல்லலாம். புதுசாகக் கட்டிய வீட்டில் செங்கல்லிலும் சுண்ணாம்புக் காரையிலும் ஏகப்பட்ட தண்ணீர் இருக்கும். அது காயும் வரை நல்ல வாடகை கொடுப்பவர்கள் வர மாட்டார்கள். அதனால் வீட்டுக்காரர்கள் வேறு இடம் இல்லாத ஏழைகளைக் குறைந்த வாடகைக்குக் குடி வைத்தார்கள். அவர்கள் அடுப்பு எரிப்பார்கள், சமைப்பார்கள், மூச்சு விடுவார்கள். சில மாதங்களில் வீடு காய்ந்ததும் அடுத்த ஈரக் கட்டடத்துக்குப் போக வேண்டியதுதான்.

மூச்சு விடுவது என்று சும்மா சொல்லவில்லை. நீற்றிய சுண்ணாம்பு இறுகுவதற்குக் கார்பன் டை ஆக்சைடு தேவை. அதை உறிஞ்சிச் சுண்ணாம்புக் கல்லாக மாறும்போது மேலும் தண்ணீரை வெளியே தள்ளுகிறது: ஒரு கிலோ சுண்ணாம்புக்குக் கால் கிலோ தண்ணீர். ஆக, அந்தக் குடும்பங்கள் விட்ட மூச்சே சுவரை இறுக வைத்தது. சுவர் விட்ட ஈரம் அவர்கள் நெஞ்சுக்குள் போனது. காசநோய் பெர்லினைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. நகரத்து வணிக ஊழியர்களுக்கான நோய்க் காப்பீட்டு நிதி ஒன்று, 1901-இலிருந்து 1920 வரை, நோயாளிகள் வாழும் இருட்டறைகளையும் ஈர அறைகளையும் போட்டோ எடுத்து வருடந்தோறும் வெளியிட்டது. அதை நடத்தியவர் ஆல்பர்ட் கோன். ஜன்னலே இல்லாத அறையில் மூன்று பேருக்கு ஒரு கட்டில், பின்னால் கறுத்த சுவர். அந்தப் படங்களைப் பார்த்த அன்று ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை.

கட்டடத்தின் ஈரத்துக்கான விலையைக் குடியிருப்பவர் உடம்பால் கொடுப்பது என்பது அப்போதே ஆரம்பித்துவிட்டது.

கீழ்வீட்டுப் பாட்டி சொன்னது

எங்களுக்குக் கீழே எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி இருந்தார். கிழக்கு ஜெர்மனி காலத்திலிருந்து அதே வீட்டில் இருப்பவர். என் ஜெர்மன் அரைகுறை, அவருக்கு ஆங்கிலம் கிடையாது. ஆனாலும் மாடிப்படியில் நின்று பேசுவோம். பூசணத்தைப் பற்றிச் சொன்னதும் சிரித்துவிட்டு, கையை நெஞ்சில் வைத்து மூச்சு இழுத்துக் காட்டினார். "அடுப்பு" என்றார். முன்பு ஒவ்வொரு வீட்டிலும் ஆள் உயரத்துக்கு ஓடு பதித்த அடுப்பு இருந்ததாம். பழுப்பு நிலக்கரிக் கட்டிகளை நிலவறையிலிருந்து சுமந்து வந்து எரிக்க வேண்டும். அது அறைக் காற்றை இழுத்துப் புகைபோக்கியில் விடும். புதுப்பித்தபோது அடுப்பை உடைத்து எடுத்துவிட்டார்கள். அதிலிருந்துதான் வீட்டுக்கு மூச்சு இல்லை என்பது அவர் கட்சி.

அருமையான விளக்கம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் விட மனசு வரவில்லை. ஒரு கிலோ நிலக்கரிக் கட்டி எரியச் சுமார் 5 கன மீட்டர் காற்று வேண்டும். நடைமுறையில் இரண்டு மடங்கு போகும் என்று வைப்போம். ஒரு நாளுக்கு 10 கிலோ எரித்தால் 100 கன மீட்டர். எங்கள் வீடு 60 சதுர மீட்டர், கூரை 3 மீட்டர் உயரம், மொத்தம் 180 கன மீட்டர். ஆக, அடுப்பு ஒரு நாள் முழுக்க எரிந்தாலும் வீட்டுக் காற்றில் பாதிக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் மாற்றும். ஆனால் சுகாதாரமான காற்றோட்டத்துக்கு வழக்கமாகச் சொல்லும் அளவோ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வீட்டுக் காற்று முழுக்க மாறுவது. அடுப்பு துணை நடிகர்தான். அப்படியென்றால் கதாநாயகன் யார்?

பழைய ஜன்னல். மரச்சட்டத்தில் ஒற்றைக் கண்ணாடி, கொஞ்சம் இடைவெளி விட்டு அதே மாதிரி இன்னொரு ஜன்னல். பெட்டி ஜன்னல் என்பார்கள். மரம் சுருங்கி விரிந்து எல்லாப் பக்கமும் இடுக்கு. யாரும் திறக்காமலேயே ராப்பகலாகக் காற்று கசிந்துகொண்டிருந்தது. அந்த ஜன்னல் இன்னொரு வேலையும் செய்தது. வீட்டிலேயே ஜில்லென்ற இடம் அதன் கண்ணாடிதான். காற்றில் ஈரம் கூடினால் முதலில் அங்கேதான் நீராகப் படியும், வழிந்து கீழே தேங்கும். தினமும் காலையில் துணி வைத்துத் துடைத்ததாகப் பாட்டியும் சொன்னார். செலவில்லாத ஈர நீக்கி, கூடவே ஒரு அலாரம்.

புது ஜன்னல் வந்ததும் இரண்டும் ஒரே நாளில் போய்விட்டன. இடுக்கு இல்லை, கசிவு இல்லை. கண்ணாடி சூடாகிவிட்டது, சுவர் பழைய சுவரேதான். இப்போது வீட்டில் ஜில்லென்ற இடம் வெளிச்சுவரின் மூலை. அதுவும் அலமாரிக்குப் பின்னால், ஹீட்டர் சூடு எட்டாத இடம். அறை 20 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், சுவர்ப் பரப்பு 12.6 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது அதை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். பூசணம் வளர அது போதும். நீர்த்துளி தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. யாரும் கவனிக்காத இடத்தில் சத்தமில்லாமல் வளரும்.

எங்கள் அறையையே கணக்கில் வைத்தேன். 48 கன மீட்டர். காலையில் வரும் 3100-ஐ வைத்துப் பின்னோக்கிப் போட்டால், காற்று மாறும் வேகம் மணிக்கு 0.2 தடவை. ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை. இரண்டு பெரியவர்கள், ஒரு குழந்தை, எட்டு மணி நேரத் தூக்கம்: மூச்சும் வியர்வையுமாக முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் தண்ணீரைத் தாங்கும். அறை மொத்தத்துக்கும் சுமார் 800 கிராம், அதில் பாதி படுக்கப் போகும்போதே இருக்கிறது. மீதி எங்கே போகும்? கொஞ்சம் கசிவோடு வெளியே, மிச்சம் மெத்தைக்கும் சுவருக்கும். சாம்பார் இந்தக் கணக்கில் வரவே இல்லை. நாங்கள் தூங்கியதுதான் குற்றம்.

நம் தொழிலில் இதற்குப் பெயர் உண்டு. பழைய கோடில் எங்கோ ஒரு அசிங்கமான ஓட்டை இருக்கும். அதைச் சரிசெய்தால் சம்பந்தமே இல்லாத இன்னொரு இடம் விழும். அந்த ஓட்டையை நம்பித்தான் அது ஓடிக்கொண்டிருந்தது என்று எந்த டாக்குமென்டிலும் இருக்காது. ஜன்னல் இடுக்கு அந்த மாதிரி ஓட்டை. அது ஒரு குறை என்று எல்லோருக்கும் தெரியும். அதுதான் வீட்டின் காற்றோட்ட அமைப்பு என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

1973-க்குப் பிறகு

இடுக்கை அடைக்க வேண்டும் என்று அவ்வளவு அவசரம் ஏன் வந்தது? 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி. அந்த நவம்பரிலும் டிசம்பரிலும் மேற்கு ஜெர்மனியில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கார் ஓட்டவே தடை. 1976-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம், 1977-இல் முதல் வெப்பக் காப்பு ஆணை. ஜன்னல் இடுக்கு வழியே எவ்வளவு காற்று கசியலாம் என்பதற்கு அதில் வரம்பு வந்தது. நல்ல நோக்கம், தேவையான வேலை. வீட்டைச் சூடாக்கும் எரிபொருளில் பெரும்பங்கு வீணாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அதே 1977-இல் மேற்கு ஜெர்மனியின் சுகாதார அலுவலகம், வீட்டுக் காற்றில் ஃபார்மால்டிஹைடு 0.1 பிபிஎம்முக்கு மேல் போகக் கூடாது என்று வழிகாட்டு அளவு ஒன்றைக் கொடுத்தது. மரத்தூள் பலகையில் இருக்கும் பசையிலிருந்து வரும் வாயு அது. கசியும் வீட்டில் வெளியே போய்விடும், கசியாத வீட்டில் தங்கிவிடும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே காற்றோட்டத் தரநிலையை வகுக்கும் ஆஷ்ரே அமைப்பு, புகை பிடிக்காத இடங்களில் ஒருவருக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்று 1981-இல் குறைத்தது. தலைவலி, கண் எரிச்சல், மூக்கடைப்பு என்று புகார்கள் குவிந்தன. 1984-இல் உலக சுகாதார நிறுவனத்தின் குழு ஒன்று, புதிய கட்டடங்களிலும் புதுப்பித்த கட்டடங்களிலும் 30 சதவீதம் வரை இப்படிப் புகார் இருக்கலாம் என்றது. 1989-இல் ஆஷ்ரே அந்த 5-ஐ 15 ஆக்கியது. எட்டு வருஷத்தில் மூன்று மடங்கு. பெட்டன்கோஃபரின் 25 கன மீட்டருக்குப் பக்கத்தில் வந்து நின்றது: 15 கன அடி என்றால் மணிக்கு 25.5 கன மீட்டர். ரோல்பேக் என்றால் இதுதான்.

கோர்ட் சொன்னதும் தரநிலை சொன்னதும்

ஜெர்மன்காரர்களுக்கு ஜன்னல் திறப்பது ஒரு சடங்கு. ஷ்டோஸ்லூஃப்டன் என்பார்கள்: ஜன்னலைச் சாய்த்து வைக்காமல் முழுசாகத் திறந்து, ஐந்து பத்து நிமிஷத்தில் மூடிவிடுவது. பைத்தியக்காரத்தனம் மாதிரி இருக்கும், ஆனால் இயற்பியல் சரி. வெளியே 0 டிகிரி காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும் அதில் கன மீட்டருக்கு 4.8 கிராமுக்கு மேல் தண்ணீர் இருக்காது. உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஈரப்பதம் 28 சதவீதம்தான். எங்கள் அறைக் காற்று முழுவதையும் ஒரு முறை மாற்றிச் சூடாக்க ஆகும் செலவு 0.32 யூனிட். சூடு பெரும்பாலும் சுவரில் இருக்கிறது, காற்றில் இல்லை. 2020 கொரோனா சமயத்தில் அரசாங்கமே முகக்கவசம், இடைவெளியோடு காற்றோட்டத்தையும் விதியாகச் சேர்த்தது.

நாங்களும் செய்தோம். காலை, சாயங்காலம், படுக்கும் முன். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். படுக்கையறைக் கதவைத் திறந்து வைத்துத் தூங்கினோம். காலை ரீடிங் 3100-இலிருந்து 1600-க்கு வந்தது. பூசணம் துடைத்த இடத்தில் முன்னைப் போல வேகமாக வரவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. மகளின் இருமல் கோடையில் நின்றது. பூசணம்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. 2017-இல் காலி செய்தபோது சுவரைச் சரிசெய்ய என்று முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் ஊர் திரும்பிய பிறகு, 2018 டிசம்பர் 5 அன்று, ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் இந்த விவகாரத்தில் ஒரு தீர்ப்பு சொன்னது. 1968-இலும் 1971-இலும் கட்டிய, காப்பு இல்லாத வீடுகள் பற்றிய வழக்குகள் அவை. கட்டிய காலத்துத் தரநிலைப்படி இருந்தால், சுவரில் குளிர்ப் பாலம் இருப்பதும் பூசண ஆபத்து இருப்பதும் மட்டுமே குறைபாடு ஆகாது. தினமும் இரண்டு முறை 15 நிமிஷமோ மூன்று முறை 10 நிமிஷமோ ஜன்னலைத் திறக்கச் சொல்வது குடியிருப்பவரிடம் அநியாயமாகக் கேட்பது ஆகாது. எங்களுக்கு வந்த கடிதத்தின் தொனிதான்.

ஆனால் அதே நாட்டில், 2009-இல் வந்த டின் 1946-6 என்ற தரநிலை வேறு மாதிரி பேசுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜன்னலை மாற்றினால், காற்றோட்டத்துக்கு என்ன ஏற்பாடு என்று திட்டம் போட வேண்டும். ஈரத்தால் கட்டடம் கெடாமல் இருக்கத் தேவையான குறைந்தபட்சக் காற்றோட்டம், உள்ளே இருப்பவர் எதுவும் செய்யாமலேயே நடக்க வேண்டும். ராத்திரி மூன்று மணிக்கு யாரும் எழுந்து ஜன்னல் திறக்க மாட்டார்கள் என்பதை ஒருவழியாக ஒருவர் எழுதி வைத்துவிட்டார். என் கட்டடம் புதுப்பித்தது அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால். அந்தத் தரநிலை எங்களைக் காப்பாற்றவில்லை.

சரியாகச் செய்ய முடியாத விஷயமும் இல்லை இது. 1991-இலேயே டார்ம்ஷ்டாட்டில் முதல் பாஸிவ் ஹவுஸ் வந்தது. இறுக்கமாக அடைத்த வீடு, கூடவே வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் இயந்திரக் காற்றோட்டம். பிரைபுர்கில் 1968-இல் கட்டிய 16 மாடிக் குடியிருப்பு ஒன்றையே 2011-இல் இந்த முறைக்கு மாற்றிவிட்டார்கள். அடைக்கிறாயா, கூடவே காற்றுக்கு வேறு வழி வை. அடைப்பதை மட்டும் செய்துவிட்டு மீதியைக் குடியிருப்பவர் தலையில் கட்டுவதில்தான் பிரச்சினை.

என் கேள்விக்கு வருவோம். தப்பு யாருடையது? ஜன்னல் திறக்காதது எங்கள் பங்கு, மறுக்கவில்லை. ஆனால் நூறு வருஷம் தானாக நடந்துகொண்டிருந்த ஒரு வேலையை நிறுத்தியது நாங்கள் இல்லை. நிறுத்தியதை எங்களிடம் சொல்லவும் இல்லை. வாடகை ஒப்பந்தத்தோடு ஒரு பக்கக் குறிப்பு கொடுத்திருந்தால்கூட அந்தச் சுவர் அப்படிக் கறுத்திருக்காது.

இப்போது சென்னையில் இருக்கிறோம். அந்த மீட்டர் இன்னும் வேலை செய்கிறது. போன மே மாதம் படுக்கையறையில் ஏசி போட்டுத் தூங்கி எழுந்தபோது 2400 காட்டியது. ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும், வெளியிலிருந்து ஒரு மூச்சுக்கூட எடுக்காது. அண்ணாந்து பார்த்தேன். ஜன்னலுக்கு மேலே வென்டிலேட்டர் இருந்த இடம் சதுரமாகத் தெரிந்தது. நாங்கள் வாங்குவதற்கு முன்பு இருந்தவர்கள், குளிர் வீணாகிறது என்று பலகை வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு அதைத் திறந்துவிட ஆசாரியை வரச் சொல்லியிருக்கிறேன். "கரன்ட் பில்லு ஏறுமே சார்" என்றார். ஏறும்தான்.